மலையிலிருந்து கிழக்குக் கடலுக்கு: குடும்பத்தோடு இறங்குகிறவர்களுக்கு

ஜூன் மாதம் இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கம் விடாமல் பெய்யும். "இந்த மழையில கடலுக்கா?" என்று பயணத்தைத் தள்ளிப்போட்டு, டிசம்பர் பள்ளி விடுமுறையில் போகலாம் என்று பலர் முடிவெடுப்பார்கள். நடக்க வேண்டியது இதற்கு நேர்மாறு.

மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மலையின் மேற்குச் சரிவே வாங்கிக்கொள்ளும். மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்று காய்ந்து சூடாகிவிடும். மட்டக்களப்புப் பக்கம் கச்சான் காற்று என்பது இதைத்தான். தேயிலைத் தோட்டத்தில் குடையோடு நிற்கும் அதே நாளில் கிழக்குக் கரையில் பொத்துவிலில் மணல் காலைச் சுடும். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. அப்போது கிழக்குக் கரையில் மழையும் கொந்தளிப்பும் சேர்ந்து வரும், பதுளைப் பக்கத்துப் பாதைகளில் மண் சரியும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி வந்ததும் இந்தப் பருவத்தில்தான். ஆகவே கிழக்குக் கடலுக்கு மே, ஜூன், செப்டம்பர் மாதங்களே முதல் தெரிவு. ஜூலையும் ஆகஸ்ட்டும் வானிலைக்கு நல்லவைதான். ஆனால் கதிர்காமத் திருவிழாக் கூட்டம், ஆகஸ்ட் விடுமுறைக் கூட்டம், பொத்துவிலை அடுத்த அறுகம்பேயில் வெளிநாட்டவர் கூட்டம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அறை வாடகையை ஏற்றிவிடும்.

எந்தக் கடல், யாருக்கு?

பாதை, வேன், சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவுசெய்ய வேண்டியது இது. ஆற்றிலும் குளத்திலும் குளித்துப் பழகியவர்களுக்குக் கடல் வேறு. மலையகத்திலிருந்து போகும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் நீந்தத் தெரியாது என்றே வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், கடலை முதன்முறை பார்ப்பவர்கள் இருந்தால் மட்டக்களப்புக்கு வடக்கே உள்ள பாசிக்குடா. அங்கே விரிகுடாவுக்கு வெளியே பவளப்பாறை அலையை உடைத்துவிடுகிறது. உள்ளே தண்ணீர் வெகுதூரம் வரை இடுப்பளவு. வேறெந்த இடத்தையும் குடும்பக் குளியலுக்கு இந்த அளவு நம்பிச் சொல்ல முடியாது.

இளைஞர்கள், அலைச்சறுக்கு பார்க்கவோ பழகவோ ஆசைப்படுகிறவர்கள், காடும் கோயிலும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்கள் பொத்துவில், அறுகம்பே, உகந்தைப் பக்கம் போகலாம். அங்கே குளிக்க இடம் உண்டு, ஆனால் ஒரு மூலையில் மட்டும்தான். கோமாரி, திருக்கோவில், பாணமை, உகந்தைக் கரைகள் பார்ப்பதற்கு மட்டும். கரை சட்டென்று ஆழமாகும், ஆளும் இருக்காது, காப்பாற்றுகிறவரும் இருக்கமாட்டார்.

இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்புக்குச் சுமார் 105 கிலோமீற்றர், அங்கிருந்து பாசிக்குடாவுக்கு மேலும் 35 அளவில். இரண்டு இரவு தங்கினால் சரியாக வரும். ஒரே இரவு என்றால் ஒன்றை விட்டுவிடுங்கள். இரண்டையும் அடக்கப் பார்த்தால் நாள் முழுக்க வேனுக்குள்ளேயே போய்விடும்.

பாதைகள்

பண்டாரவளை, ஹப்புத்தளை, நுவரெலியா, ஹட்டன் பக்கத்தவர்கள் பொத்துவிலுக்குப் போக வெல்லவாய வழியே சரி. எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கலாம், அல்லது பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியாக இறங்கலாம். இரண்டாவதில் தியலும நீர்வீழ்ச்சியைப் பாதையிலிருந்தே பார்க்கலாம். வெல்லவாயவிலிருந்து புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ, லாகுகலை, பொத்துவில் என்று ஏ 4 பாதை நேராகப் போகும். பதுளைக்காரர்கள் பசறை வழியாக மொனராகலைக்கு இறங்கினால் சுற்று குறையும். ஆனால் வளைவு அதிகம், வாந்தி எடுப்பவர்களை முன் இருக்கையில் உட்கார வையுங்கள்.

பாசிக்குடாவுக்கு நேரே போவதானால் பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மஹாஓயா வழியாகச் செங்கலடிக்குப் போகும் ஏ 5 பாதை. மட்டக்களப்பு நகருக்குள் போகாமலேயே அங்கிருந்து வடக்கே திரும்பிவிடலாம். கண்டிப் பக்கத்தவர்கள் 18 வளைவு இறங்கி மஹியங்கனை, பதியத்தலாவ வழியாக இதே பாதையில் வந்து சேரலாம். மஹாஓயாவில் வெந்நீரூற்று இருக்கிறது. காலை ஆறப்போடப் பத்து நிமிடம் நிறுத்தலாம், அதற்காகவே தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

நேரக் கணக்கு: வேனில் நுவரெலியாவிலிருந்து பொத்துவிலுக்கு நிறுத்தங்கள் இல்லாமல் ஐந்தரை மணித்தியாலம், ஹட்டனிலிருந்து ஏழு, பண்டாரவளையிலிருந்து நான்கு என்று பிடியுங்கள். பிள்ளைகள் இருந்தால் ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் போகிறவர்கள் மொனராகலையில் மாற வேண்டிவரும். பொத்துவில் பக்கம் போகும் பஸ் பிற்பகலில் குறைந்துவிடும், அதனால் மதியத்துக்குள் மொனராகலையைத் தாண்டிவிடுங்கள்.

ஒரு நேரக் கட்டுப்பாடு மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாதது. சியம்பலாண்டுவவுக்கும் பொத்துவிலுக்கும் நடுவில் லாகுகலைக் காடு. மாலை ஐந்து மணிக்குப் பிறகு பாதையில் யானை நிற்கும். கதிர்காமத்தையும் சேர்த்துக்கொண்டு புத்தல வழியாகத் திரும்புகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. அங்கே சாப்பாட்டுக்காகவே வாகனத்தை மறிக்கும் யானைகள் உண்டு. வாழைப்பழம் கொடுத்துப் பழக்கியது நம் ஆட்கள்தான். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹோர்ன் அடிக்காதீர்கள், இறங்காதீர்கள், சாப்பாடு நீட்டாதீர்கள். அது நகரும்வரை காத்திருப்பது ஒன்றுதான் வழி.

வேன் பேசும்போது

14 இருக்கை வேனுக்கு 14 பேரை ஏற்றாதீர்கள். சாமான், தண்ணீர், திரும்பும்போது மீன்பெட்டி என்று சேரும். 11 பெரியவர்கள், மடியில் ஒன்றிரண்டு பிள்ளைகள் என்பதே நிம்மதியான கணக்கு. பேசும்போது தெளிவாகக் கேட்க வேண்டியவை: மொத்த வாடகையா, கிலோமீற்றர் கணக்கா, கிலோமீற்றர் என்றால் புறப்பட்ட இடத்திலிருந்தா, வேன் நிற்கும் வீட்டிலிருந்தா, டீசல் யாருடையது, சாரதியின் இரவுப் படி எவ்வளவு, ஏசி போட்டால் மேலதிகம் உண்டா, பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகும் காட்டுப் பாதையில் வேனை விடுவாரா. கடைசிக் கேள்வியை முதலிலேயே கேட்காவிட்டால் பாணமையில் நின்று சண்டை பிடிக்க நேரும். முற்பணம் கொடுத்தால் திகதி, தொகை, வாகன இலக்கம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள், அல்லது வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். முழுத் தோட்டமும் சேர்ந்து ரூட் பஸ் ஒன்றை எடுத்தால், அந்தப் பஸ் தன் பாதையை விட்டு வெளியே போகத் தற்காலிக அனுமதிப்பத்திரம் வேண்டும். அதைப் பஸ்காரர் எடுத்துவிட்டாரா என்று கண்ணால் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

இரவு பத்து மணிக்கு ஏறி விடிய விடியப் போவது தோட்டப் பயணங்களில் வழக்கம். ஒரு நாள் அறை வாடகை மிச்சம் என்பது கணக்கு. ஆனால் பகல் முழுக்க ஓடிய சாரதி, அதிகாலை மூன்று மணித் தூக்கக் கலக்கத்தில் எல்ல இறக்கத்தில் நிற்பார். ஹட்டனிலிருந்து என்றால் அதிகாலை மூன்று அல்லது மூன்றரைக்குப் புறப்படுங்கள், சாரதி முந்தின இரவு எட்டு மணிக்கே படுத்திருக்க வேண்டும். அப்படியானால் இறக்கம் வரும்போது வெளிச்சம் வந்திருக்கும், மூடுபனியும் விலகத் தொடங்கியிருக்கும்.

இறக்கம்

எல்ல ஆயிரம் மீற்றருக்குச் சற்று மேலே, வெல்லவாய சுமார் இருநூறு மீற்றரில். இடையே 27 கிலோமீற்றர்தான். இந்த இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் லைனிங் சூடாகிப் பிடிப்பை விட்டுவிடும். மிதி உள்ளே போகும், வாகனம் நிற்காது. 2025 செப்டம்பரில் பல உயிர்களைக் கொண்டுபோன பஸ் விபத்து நடந்ததும் இதே பாதையில்தான்.

ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர். மெனுவல் என்றால் இரண்டு அல்லது மூன்று. ஓட்டோ கியர் வேன் என்றால் டி-யில் விடாமல் எல் அல்லது 2-க்குத் தள்ள வேண்டும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை நிறுத்துவதும் தற்கொலைக்குச் சமம். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் பவர் ஸ்டியரிங்கும் சேர்ந்து போய்விடும். பழைய பஸ்களில் காற்றுப் பிரேக்கை அடிக்கடி தட்டித் தட்டி மிதித்தால் தாங்கியில் காற்று குறையும். எரிந்த வாடை வந்தால், சக்கரப் பக்கம் புகை தெரிந்தால், அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி 20 நிமிடம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், டிரம்மில் விரிசல் விழலாம். ராவணா எல்ல நீர்வீழ்ச்சிக்குப் பக்கத்தில் நிறுத்துவது இதற்கு வசதி. அங்கே படம் எடுக்கலாம். வழுக்குப் பாறையில் ஏறுவதும் குளிப்பதும் வேண்டாம், பலர் போய்ச் சேர்ந்த இடம் அது.

சாரதியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். முன்னிருக்கையில் ஒரு பெரியவரை உட்கார வைத்து, "அண்ணே, மெதுவா கியர்லயே இறங்குவோம், நமக்கு அவசரமில்ல" என்று ஏறும்போதே சொல்லிவிட்டால் போதும்.

சாப்பாடும் தண்ணீரும்

நுவரெலியாக் குளிரில் இரவு கட்டிய சோற்றுப் பார்சல் அவ்வளவு சீக்கிரம் புளிக்காது. அதே பார்சல் பொத்துவில் வெயிலில், மூடிய வேனுக்குள், பத்து மணிக்கே புளித்துவிடும். தேங்காய்ப்பால் விட்ட கறியும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும்தான் முதலில் போகும். கட்டுச்சோறு கொண்டுபோவதானால் புளிச்சோறு அல்லது எலுமிச்சைச் சோறு, சுண்ட வற்றிய உருளைக்கிழங்குப் பிரட்டல், கருவாட்டுப் பொரியல், அவித்த முட்டை, ரொட்டியும் தண்ணீர் படாமல் வதக்கிய கட்டாச் சம்பலும் சரியாக இருக்கும். சோற்றைச் சுடச்சுடக் கட்டக் கூடாது. அகலப் பரப்பி ஆறவிட்டு, ஆவி அடங்கிய பிறகு வாழையிலையில் கட்டுங்கள். லஞ்ச் ஷீட் எனும் பொலித்தீன் தாள் என்றால் உள்ளே வியர்த்துச் சோறு நொந்துவிடும். இவை காலைக்கும் வழிக்கும் மட்டும். மதியச் சாப்பாட்டைக் கடற்கரைக் கடையில் சொல்லிவிடுங்கள்.

பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில், பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை, கடைகள் மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடை திறப்பது அரிது. வெள்ளிக்கிழமை போய்ச் சேர்கிறவர்கள் பன்னிரண்டுக்குள் சாப்பாட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 15 பேருக்குச் சாப்பாடு வேண்டுமென்றால் முதல்நாள் மாலையே கடைக்காரரிடம், "நானா, நாளைக்குப் பகல் 15 பேருக்கு மீன் சோறு வேணும், ஒரு மணிக்கு வருவோம்" என்று சொல்லி, விலையையும் பேசி, கொஞ்சம் முற்பணமும் கொடுத்தால் சூடாகக் கிடைக்கும். சொல்லாமல் போய் நின்றால் கொத்து ரொட்டிதான்.

தண்ணீர் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 லீற்றர். குளிர் ஊர்க்காரர்களுக்குத் தாகம் தெரியாது, ஏனென்றால் தாகமில்லாமல் இருந்தே பழகியவர்கள். வியர்வையும் கச்சான் காற்றில் உடனே காய்ந்துவிடும். தலைவலி, மயக்கம், சிறுநீர் கடும் மஞ்சளாகப் போவது எல்லாம் தண்ணீர் போதாததன் அடையாளம். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சீனித் தூள்) பாக்கெட் நாலைந்து வைத்திருங்கள். ஒரு பாக்கெட்டை முழு ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்க வேண்டும். அரைப் போத்தலில் கரைத்தால் உப்பு கூடிப் பிள்ளைக்குக் கெடுதல். காலை 11 முதல் பிற்பகல் 3 வரை கடற்கரையை விட்டு நிழலில் இருங்கள்.

பொத்துவில், அறுகம்பே

பொத்துவில் பஸ் நிலையத்திலிருந்து அறுகம்பே சுமார் 4 கிலோமீற்றர், நடுவில் களப்பின் மேல் பாலம். தெற்கிலிருந்து வரும் அலை முனையைச் சுற்றி வளைந்து, ஒரே பக்கமாக நீளமாக உடைவதுதான் இந்த இடத்தை உலகெங்குமிருந்து வரும் அலைச்சறுக்குக்காரர்களுக்குப் பிடித்ததாக்கியது. ஏப்ரல் கடைசி முதல் ஒக்டோபர் வரை அந்தப் பருவம். முனையில் உடையும் அலை பார்க்க அழகு, இறங்க ஆபத்து. அடியில் பாறை இருக்கிறது, பலகைகள் வேகமாக வரும்.

குளிக்க வேண்டிய இடம், வளைகுடாவின் உள்மூலை. மீன்பிடிப் படகுகள் இழுத்து வைத்திருக்கும் பக்கம், முனையின் மறைவில் தண்ணீர் அமைதியாக இருக்கும். படகு வந்து போகும் வழியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். அலைச்சறுக்குப் பழக ஆசையென்றால் கற்றுக்கொடுப்பவரோடு, முதல் பாடத்துக்குச் சிறிய அலை உள்ள இடத்துக்கே கூட்டிப்போகச் சொல்லுங்கள். பலகையை வாடகைக்கு எடுக்கும்போது அதில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளைக் கடைக்காரர் முன்னாலேயே கைத்தொலைபேசியில் படம் எடுத்துவையுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வரும் தகராறில் பாதி இதனால் தீரும்.

கடலின் இழுவையைக் கண்ணால் அறிய ஒரு வழி உண்டு. தண்ணீரில் இறங்குமுன் ஐந்து நிமிடம் மேட்டில் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும்போது நடுவில் ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல் அமைதியாக, மண் கலங்கி, நுரையை வெளியே கொண்டுபோகிறதா? அதுதான் இழுக்கும் வழி. தெரியாதவர்கள் "இங்கதான் அலை இல்ல" என்று சரியாக அங்கேயே இறங்குவார்கள். இழுத்துக்கொண்டால் கரையை நோக்கி நீந்திப் போராடக் கூடாது. மல்லாந்து மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, இழுவை தளர்ந்ததும் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் விலகி வர வேண்டும். கரையில் நிற்பவர்கள் கைகோத்துக்கொண்டு உள்ளே ஓடாதீர்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் மூவர் போவது அப்படித்தான். மூடிய வெறும் தண்ணீர்க் கேன், டியூப், பலகை எதையாவது எறியுங்கள், உயிர்காப்புப் பணியில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள். நீந்தத் தெரியாதவர்களுக்கு எல்லை முழங்கால். சேலையும் சாரமும் நனைந்தால் காலைச் சுற்றும், அரைக் காற்சட்டையும் டீசேர்ட்டும் போதும். குடித்தவரைத் தண்ணீரில் இறங்கவிடாதீர்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

சூரிய உதயம் பார்க்க வேண்டுமானால் ஐந்தரைக்கே மணலில் இருங்கள், இந்தப் பருவத்தில் ஆறுக்கு முன்பே சூரியன் வந்துவிடும். பொத்துவில் களப்பில் சதுப்புநிலக் காட்டுக்குள் படகில் போகலாம். அதிகாலையோ மாலையோ போனால் பறவைகள் தெரியும், நடுப்பகலில் பணம் வீண்.

அறுகம்பேக்குத் தெற்கே யானைப் பாறை என்ற இடத்துக்கு மாலையில் எல்லோரும் நடப்பார்கள். பாறையிலிருந்து தெரியும் காட்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போகும் வழியில் உள்ள களப்புகளில் முதலை உண்டு. 2017-ல் ஓர் இளைஞரை முதலை இழுத்துப்போனது இந்தப் பக்கத்தில்தான். கால் கழுவக்கூடக் களப்பு ஓரத்தில் குந்தாதீர்கள். இருட்டுமுன் திரும்பிவிடுங்கள், யானை அங்கே பெயரில் மட்டும் இல்லை.

தங்குவதற்கு அறுகம்பே பருவத்தில் விலை. பொத்துவில் நகரப்பக்கம் மலிவு. அறை பேசும்போது எத்தனை பேர், கழிப்பறை எத்தனை, சமைக்க இடம் உண்டா, வேன் உள்ளே நிறுத்தலாமா என்று கேளுங்கள். 14 பேருக்கு ஒரு கழிப்பறை என்றால் காலையில் ஒன்றரை மணித்தியாலம் அங்கேயே போய்விடும்.

பாணமை, உகந்தை, குமண

மலையகத்தவர்களுக்கு இந்தப் பயணத்தின் உயிர் இங்கேதான் என்று தயங்காமல் சொல்லலாம். கதிர்காமத்தை வருடா வருடம் பார்ப்பவர்கள்கூட உகந்தையைப் பார்த்திருக்கமாட்டார்கள். அறுகம்பேயிலிருந்து பாணமைக்குச் சுமார் 12 கிலோமீற்றர். பாணமையில் சிங்களக் குடும்பங்களும் தமிழ்க் குடும்பங்களும் பல தலைமுறையாக மணவுறவில் கலந்து வாழ்கின்றன. கண்ணகிக்கான கொம்பு விளையாட்டு இன்னும் அங்கே உயிரோடு இருக்கிறது. பாணமையைத் தாண்டினால் கடையோ எரிபொருளோ இருக்காது. டீசல், தண்ணீர், பிஸ்கட் எல்லாம் பொத்துவிலிலேயே. தொலைபேசிச் சிக்னலையும் நம்பாதீர்கள்.

பாணமையிலிருந்து உகந்தைக்குக் காட்டு வழி, 15 கிலோமீற்றருக்கு மேல். காய்ந்த காலத்தில் சாதாரண வேன் மெதுவாகப் போகும். மழைக்குப் பின் வேண்டாம். வழியில் குடும்பிகலத் துறவிமடம் இருக்கிறது. ஏறிப் பார்க்கலாம், ஆனால் வெறுங்காலில் சுடும் பாறை என்பதால் எட்டு மணிக்குள் ஏறிவிட வேண்டும்.

உகந்தைமலை முருகன் கோயில் கடலும் காடும் சந்திக்கும் இடத்தில். முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்து இறங்கியதாக ஐதீகம். கீழே முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் குன்றின்மேல் வள்ளியம்மன் சந்நிதிக்கு ஏறலாம். பாறைக் குழிகளில் சுனைகள் உண்டு. கடலில் காலை நனைப்பதோடு நிறுத்துங்கள். கோயிலில் குரங்கு அதிகம், அர்ச்சனைத் தட்டில் வாழைப்பழத்தை மூடிப் பிடியுங்கள். ஆடிமாதத் திருவிழாவுக்கு முன்னர் இங்கிருந்து காட்டுப் பாதை திறக்கப்படும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் நடந்து வரும் அடியார்கள் குமண, யால காடுகள் வழியாகக் கதிர்காமத்துக்கு நடப்பார்கள். பல நாள் நடை அது. சுற்றுலா வந்த இடத்தில், "நாமும் நடந்துவிடுவோம்" என்று தீர்மானிக்கிற விஷயம் இல்லை.

குமண தேசிய பூங்காவின் வாசல் கோயிலுக்கு அருகிலேயே. முன்பு கிழக்கு யால என்று இருந்தது, 2006-ல் குமண ஆனது. பறவைகள் கூடு கட்டும் காலம் மே முதல் ஜூலை வரை. குமண வில்லு எனும் ஆழமற்ற சதுப்புக் குளத்தில் நாரைகளும் கொக்குகளும் அப்போது கூட்டமாக இருக்கும். உள்ளே வேன் போகாது, நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப்தான். ஜீப்பை அறுகம்பேயில் அல்லது பாணமையில் பேசலாம், ஒரு ஜீப்புக்கு ஆறு பேர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டையை எல்லோரும் கையில் வைத்திருங்கள். இலங்கையர் கட்டணத்துக்கும் வெளிநாட்டவர் கட்டணத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், வாசலில் கேட்பார்கள். பொலித்தீன் உள்ளே கொண்டுபோகக் கூடாது. பிள்ளைகளின் சிற்றுண்டியை டிபன் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

பணத்துக்கு யோசிப்பவர்கள் குமணவை விட்டுவிட்டு லாகுகலையில் நிறுத்தலாம். ஜூலை, ஆகஸ்ட்டில் குளம் வற்றிப் புல் தலைகாட்டும்போது யானைக் கூட்டம் வரும், பாதையோரத்திலிருந்தே பார்க்க வாய்ப்பு உண்டு. பக்கத்தில் மகுல் மகா விகாரையின் பழைய இடிபாடுகள். முழங்கால் மறையும் உடை வேண்டும்.

வடக்கே: திருக்கோவில், மட்டக்களப்பு, பாசிக்குடா

பொத்துவிலிலிருந்து வடக்கே போகும்போது கோமாரி, சங்கமன்கண்டி. இலங்கையின் கிழக்குக் கோடி முனை இங்கேதான். திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் கடலைப் பார்த்து நிற்கும். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அங்கே பெருங்கூட்டம். அந்த நாளில் போவதானால் கோயிலுக்கு மட்டும் என்று போங்கள், சுற்றுலாவை அதோடு சேர்க்காதீர்கள். மட்டக்களப்பில் கோட்டை, கல்லடிப் பாலம் இரண்டையும் ஒரு மாலையில் முடித்துவிடலாம். களப்பின் அடியிலிருந்து எழும் 'பாடும் மீன்' ஒலியைக் கேட்க ஆசையென்றால் ஏப்ரலுக்கும் செப்டம்பருக்கும் இடையில், பௌர்ணமியை ஒட்டிய இரவில், படகில் போய்த் துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார்கள். வாகன இரைச்சலில் பாலத்தின்மேல் நின்று கேட்க முடியாது.

பாசிக்குடாவுக்கு ஞாயிறும் போயா (பௌர்ணமி விடுமுறை) தினமும் வேண்டாம். கூட்டத்தில் பிள்ளையைத் தேடுவதே வேலையாகிவிடும். வார நாளில் காலை ஏழு மணிக்கு இறங்கிப் பத்தரைக்கு ஏறிவிடுங்கள். ஆழமில்லை என்பதால் பெரியவர்கள் கரையில் அரட்டை அடிப்பார்கள், அதுதான் இங்கே வரும் ஆபத்து. இடுப்பளவு தண்ணீர் சின்னப் பிள்ளைக்குத் தலையளவு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுங்கள். உடைந்த பவளம் காலைக் கிழிக்கும், பழைய ரப்பர் செருப்போடு இறங்குங்கள். சொறிமுட்டை (ஜெலி மீன்) பட்டு எரிந்தால் கடல்நீராலேயே கழுவுங்கள். மணல் தேய்ப்பதும் நல்ல தண்ணீர் ஊற்றுவதும் எரிச்சலைக் கூட்டும். மூச்சு முட்டினால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

மீனும் திரும்பும் ஏற்றமும்

கடலுக்குப் போய் மீன் இல்லாமல் லயத்துக்குத் திரும்ப முடியாது. காலையில் படகு வந்து இறங்கும் இடத்தில் வாங்குங்கள். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, விரலால் அழுத்தினால் குழி விழாமல் இருக்க வேண்டும். புறப்படும் நாள் காலையில் மட்டும் வாங்க வேண்டும், முதல்நாள் வாங்கி அறையில் வைப்பது வீண். குடல், செவுளை அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில் அடியில் நொறுக்கிய ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கி, ஐஸிலேயே முடியுங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். மூடியைச் சுற்றி டேப் ஒட்டுங்கள், வழியில் திறந்து பார்க்காதீர்கள். ஐஸில் கஞ்சத்தனம் செய்த பெட்டி வெல்லவாயவிலேயே மணக்கத் தொடங்கும். சூரை மீனில் இது இன்னும் ஆபத்து. சூட்டில் கிடந்த சூரையைச் சமைத்துச் சாப்பிட்டாலும் முகம் சிவந்து, உடம்பு தடித்துவிடும்.

கருவாடு வாங்கினால் வாலை மடக்கிப் பாருங்கள். வளையாமல் விறைப்பாக நிற்க வேண்டும். பிசுபிசுத்தால் மலைக் குளிரில் ஒரே வாரத்தில் பூசணம் பிடிக்கும். வீடு போனதும் தாளில் சுற்றி அடுப்புக்கு மேலே தொங்கவிடுங்கள். சட்டித் தயிரை வேனின் தரையில், இரண்டு பைகளுக்கு நடுவில் இறுக்கி வையுங்கள், இருக்கையில் வைத்தால் முதல் வளைவிலேயே கவிழும்.

திரும்புகையில் வெல்லவாயவிலோ பிபிலையிலோ நிறுத்தி ரேடியேட்டர் தண்ணீரையும் டயரையும் பாருங்கள். ஆள் நிறைந்த வேன் வெயிலில் ஏறும்போது எஞ்சின் சூட்டு முள் மேலே போகும். ஏசியை நிறுத்துங்கள், கண்ணாடியைத் திறங்கள், சின்னக் கியரில் ஏறுங்கள். முள் சிவப்பைத் தொட்டால் ஓரம் கட்டி நிறுத்தி, அரை மணித்தியாலமாவது ஆறும்வரை ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். மேலே மழை பெய்கிறதா, பாதை திறந்திருக்கிறதா என்பதை ஏறத் தொடங்குமுன் ஊருக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேளுங்கள். மண்சரிவு பற்றிய தகவலுக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117. வேன் உங்களுடையது என்றால் மறுநாளே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள், கடல் உப்பு தகட்டில் தங்கினால் துரு ஏறும்.